மலைப்பாதை கற்பித்த மோட்டார்க் கலை

பண்டைத் தமிழகத்தில் கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவர் உமணர். அவர்தம் வண்டியின் கீழ் மற்றோர் அச்சும் கட்டப்பட்டிருக்கும். வழியில் மேடும் பள்ளமும் எவ்வாறு இருக்கும் என்பதை யார் அறிவார்? ஓர் அச்சு முறிந்தால் நடுவழியில் நிற்க நேருமே என்று எண்ணி அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுங்கால் அவனை அந்தச் சேம அச்சுக்கு உவமை கூறியதைப் புறநானூற்றில் காண்கிறோம். வள்ளுவரோ, உருவத்தால் சிறியாரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார்.

ஓடுகின்ற வண்டியைப் பற்றி நம் முன்னோர் கண்ட இரண்டு உண்மைகள் இச்செய்திகளில் அடங்கியுள்ளன. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் உறுப்பு மட்டுமே வண்டி ஆகாது என்பது ஒன்று. ஒன்று பழுதுற்றால் காப்பதற்கு மற்றொன்று இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. இற்றைநாள் மோட்டார்ப் பொறியியல் நூல்கள் பல நூறு பக்கங்களில் விரித்துரைப்பதில் பெரும்பகுதி இவ்விரண்டில் அடங்கிவிடும். ரேணிகுண்டாவில் குடியேறி வாழும் நாம் அந்நூல்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்மையில் நிற்கும் திருமலையும், அதன்மேல் ஏறி இறங்கும் பாதையுமே நமக்கு அந்நூலாகும். அப்பாதையின் வரலாற்றோடு மோட்டார் வண்டியின் வரலாற்றையும் சேர்த்து, நம் சங்கத்து அன்பர்களுக்கு இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

சக்கரத்தால் வளர்ந்த ஊர்

ரேணிகுண்டா சக்கரத்தால் பெயர் பெற்ற ஊர். சென்னை ரயில்வே கம்பெனியார் அரக்கோணத்திலிருந்து வடமேற்காக இட்ட இருப்புப் பாதை 1862-ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டியது. அதுவே மேலும் நீண்டு 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கூடிற்று. அன்றுமுதல் சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் பெருவழியில் ரேணிகுண்டா ஒரு சந்திப்பாக விளங்கி வருகின்றது. நம்மவரில் பல குடும்பங்கள் இங்கு வந்து வேரூன்றியதும் அந்த இருப்புப் பாதையின் வழியாகவே.

ரயில் ரேணிகுண்டா வரையிலும், திருப்பதி வரையிலும் வந்தது. ஆனால் மலைமேல் ஏறவில்லை. அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,500 படிகளைக் கால்நடையாக ஏறியே மக்கள் திருமலை சேர்ந்தனர். நடக்க இயலாத முதியோரை டோலியில் வைத்துத் தூக்கிச் சென்றனர். ரயில் பெட்டி பல காத தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்தது. எஞ்சிய மலையைக் கடக்க மனிதன் தோளையே நம்ப வேண்டியிருந்தது. இருப்புப் பாதையில் இரும்புச் சக்கரம் வழுக்காமல் ஏறக்கூடிய சரிவு மிகச் சிறிது. செங்குத்தான மலையில் ஏறுவதற்குச் சாலையைப் பற்றிக்கொள்ளும் ரப்பர்ச் சக்கரமும், தன் வலிமையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் எஞ்சினும் வேண்டும். அவ்விரண்டும் ஐரோப்பாவில் உருவாகி நம் நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் அரை நூற்றாண்டு கழிந்தது.

எஞ்சின் பிறந்த கதை

மோட்டார் எஞ்சினின் அடிப்படை மிக எளியது. மூடிய குழாய் ஒன்றனுள் எரிபொருளையும் காற்றையும் சேர்த்து எரித்தால், வெப்பத்தால் விரியும் வாயு, குழாயினுள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். தையல் இயந்திரத்தின் மிதிபலகையை நாம் மேலும் கீழும் மிதிக்க, அதன் சக்கரம் சுழல்வதை வீட்டில் கண்டிருக்கின்றோம். பிஸ்டனோடு இணைந்த தண்டும், கிராங்கு எனப்படும் வளைந்த அச்சும் செய்யும் வேலை அதுவே.

காற்றை உள்ளே இழுத்தல், அதனை அழுத்துதல், எரித்து உந்துதல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு தொழில்களை நான்கு வீச்சில் முறையாகச் செய்யும் எஞ்சினை ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டினார். அந்த வழியில் செய்த எஞ்சினை மூன்று சக்கர வண்டியில் பொருத்திய கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் அதற்கு உரிமைப் பட்டயம் கோரினார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ருடால்ப் டீசல், நெருப்புப் பொறியின் துணையின்றி, அழுத்தத்தால் எழும் வெப்பத்தாலேயே எண்ணெயை எரிக்கும் எஞ்சினை 1897-இல் வெற்றியுற இயக்கினார். மலையேறும் பேருந்துகள் நெடுங்காலம் ஓடியது அந்த டீசல் எஞ்சினாலேயே.

இவர்களோடு ஒரு பெண்மணியின் பெயரையும் நாம் மறத்தலாகாது. கார்ல் பென்ஸின் மனைவியாரான பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில் கணவரிடம் கூறாமலே தம் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட எண்ணெய்க் குழாயைத் தம் தொப்பியின் ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடு வந்தபோது வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். இறக்கம் வந்தபோது பிரேக்குக் கட்டை தேய்ந்து போயிற்று. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரை அழைத்து, அக்கட்டையின்மேல் தோலை வைத்து அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்று இன்று வழங்கும் உறுப்புக்கு அதுவே தொடக்கம் என்பர். ஊர் திரும்பியதும், ஏற்றத்துக்கென இன்னும் ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் கூறினார். மோட்டார் வண்டிக்கு ஏற்றம் ஒரு தேர்வு, இறக்கம் ஒரு தேர்வு என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் அந்த அம்மையாரே.

மலை ஏறும் கலை

திருமலைக்கு மோட்டார் செல்லும் பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். பாதைக்குத் திட்டம் வகுத்துத் தந்த பெருமை பொறியியல் மேதை மோட்சகுண்டம் விசுவேசுவரையாவைச் சாரும். அது போர்க்காலம். பெட்ரோல் கிடைப்பது அரிதாயிருந்தது. தென்னாட்டுப் பேருந்துகள் பல, முதுகில் அடுப்புப்போன்ற கலத்தைச் சுமந்து, கரியை எரித்து வரும் வாயுவால் ஓடிய நாட்கள் அவை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் அத்தகைய கரிவாயுக் கலங்களைச் செய்து விற்றனர்.

திருப்பதியின் தரையிலிருந்து திருமலையின் உச்சிக்கு உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். அந்த உயரத்தை நேரே ஏறாமல், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டு சென்றனர். முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டையூசி வளைவுகள் அதில் உள்ளன. கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக 27 மீட்டர் தூரம் சென்றால் 1 மீட்டர் உயர்கின்றோம். தூரத்தைக் கூட்டிக்கொண்டால் சுமை குறையும். இது சாய்தளத்தின் விதி. வண்டிக்குள் இருக்கும் கியர்ப் பெட்டியும் இவ்விதியையே பின்பற்றுகின்றது. சிறு பற்சக்கரம் பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும். அந்த அளவுக்கு வலிமை கூடும். ஒரு மூட்டை நெல்லை ஒரே தடவையில் மாடிக்கு ஏற்ற இயலாதவன், நான்கு கூடையாகப் பிரித்து நான்கு முறை ஏறி இறங்குவது போன்றது இது. விசுவேசுவரையா மலையில் அமைத்த வளைவுகளும், ஓட்டுநர் கையில் உள்ள முதற்கியரும் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்கின்றன.

எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே கியரை மாற்ற வேண்டுமானால், எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பைக் கணநேரம் விலக்க வேண்டும். அதனைச் செய்வது கிளட்ச். ஒன்றையொன்று அழுத்தி ஒட்டிக்கொண்டு சுழலும் தட்டுகளே அவ்வுறுப்பு. மிதித்தால் பிரியும், விட்டால் சேரும்.

வளைவில் மற்றொரு நுட்பம் வெளிப்படுகின்றது. மாட்டு வண்டியில் சக்கரங்கள் இரண்டும் அச்சின்மேல் தனித்தனியே சுழலும். வண்டியை இழுப்பது மாடு. மோட்டார் வண்டியிலோ, சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும். ஆதலின் அச்சு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடையே 1.8 மீட்டர் அகலம் என்று கொள்வோம். ஒரு கொண்டையூசி வளைவில் அரைவட்டம் திரும்பும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 5.6 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இறுக்கிய சக்கரங்கள் அவ்வாறு ஓட இயலாமல் சாலையில் இழுபடும், டயர் தேயும், அச்சு முறுக்கேறும். இதனைத் தவிர்க்க, இரு சக்கரங்களுக்கும் உந்துதலையும் கொடுத்து, வேறுவேறு வேகத்தில் ஓடும் உரிமையையும் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியே டிபரன்ஷியல். லாரிகளின் பின்னச்சு நடுவே பானைபோல் புடைத்துத் தெரிவதை அன்பர்கள் கண்டிருப்பர். அப்பானையினுள் இருப்பது இதுவே.

மலை இறங்கும் கலை

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில, வாடகை வேன் ஒன்றில் திருமலைக்குச் சென்று திரும்பினோம். முதியோரும் குழந்தைகளும் வண்டியில் இருந்தனர். ஓட்டுநர் இளைஞர்; மலைக்குப் புதியவர். இறங்கும்போது வண்டியை உயர்ந்த கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஏதோ கருகும் நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கிற்று. ஓட்டுநர் முகம் வெளுத்தது. நல்வினைப் பயனாகச் சரிவு சற்றுக் குறைந்த இடம் அது. கைப்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, மலைச்சுவரோரமாக வண்டியை ஒருவாறு நிறுத்திவிட்டார்.

நம்முள் ஒருவர் குடத்துத் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தின்மேல் ஊற்றப் போனார். பின்னால் வந்த பேருந்தின் முதிய ஓட்டுநர், சித்தூர்ப் பக்கத்தவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர், இறங்கி ஓடிவந்து தடுத்தார். "வேண்டாம் சார், இந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு விண்டுபோகும்" என்றார். பிறகு நம் ஓட்டுநரின் தோளில் கைவைத்து, "தம்பி, ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர்தான். பிரேக்கு உனக்குத் துணை, அதையே முதலாளி ஆக்கிவிடாதே" என்று கூறினார். ஒரு மணி நேரம் காத்திருந்து, சூடு ஆறிய பின்னரே புறப்பட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் நாம் எண்ணிப் பார்த்தவை பல.

ஓடும் வண்டிக்கு உள்ள ஆற்றலைப் பிரேக் அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகின்றது. சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையின்மேல் லைனிங் பதித்த கட்டைகள் உராய்கின்றன, உராய்வு சூடாகின்றது. 10 டன் நிறையுள்ள ஒரு பேருந்து 700 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 19 யூனிட் மின்சாரத்துக்கு ஈடாகும். அது முழுவதும் வெப்பமானால், 200 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு வெப்பத்தையும் ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் பிரேக்கின்மேல் சுமத்தினால் அது எவ்வாறு தாங்கும்? லைனிங் சூடேறினால் அதன் பிடிமானம் குறையும். பிரேக்கினுள் உள்ள திரவம் கொதித்தால் குமிழிகள் தோன்றும். திரவம் அழுந்தாது, ஆதலின் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு சேர்க்கும். குமிழியோ அழுந்தும், ஆதலின் அவ்வழுத்தத்தை விழுங்கிவிடும். நம் வேனின் மிதி பஞ்சுபோல் அமுங்கியது இதனால்தான்.

முதிய ஓட்டுநர் கூறிய அறிவுரையின் பொருளும் இப்போது விளங்கும். தாழ்ந்த கியரில் வண்டியை விட்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த உழைப்பு வண்டியின் வேகத்தை உண்டுவிடும். ஏற்றிவிட்ட எஞ்சினே இறக்கும்போது தடையாகவும் நிற்கின்றது.

நம் ஊர்த் திருவிழாக்களில் தேர் ஓடுவதை நினைவு கூர்வோம். வடம் பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. வடம் பிடிக்க எவரும் வரலாம். முட்டுக்கட்டை இடுவதற்குப் பரம்பரையாகப் பழகிய கை வேண்டும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பதனை இடையூறு என்னும் பொருளில் இழிவாக ஆண்டுவருகின்றோம். தேரோடும் தெருவில் நிற்பவர் அவ்வாறு கூறமாட்டார்.

ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்க வேண்டும் என்ற சேம அச்சின் நீதி, பிரேக்கின் வரலாற்றில் நன்கு வேரூன்றியுள்ளது. இதனை ரேணிகுண்டா ரயில்வே நண்பர்கள் எளிதில் அறிவர். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் அமைத்த தானியங்கிக் காற்றுப் பிரேக்கில், குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானே பிடிக்கும். நம் நாட்டு ரயில்களில் நெடுநாள் வழங்கிய வேக்குவம் பிரேக்கும் அத்தகையதே. வெற்றிடம் கெட்டால் வண்டி நிற்கும். பழுது ஏற்பட்டால் ஓடாமல் நிற்கும்படி அமைப்பதே அவ்வறிஞர்கள் கண்ட வழி. இன்றைய பேருந்துகளிலும் லாரிகளிலும் காற்றுப் பிரேக்கோடு வலிய சுருள்வில் பிரேக் ஒன்றும் உண்டு. காற்று அவ்வில்லை விலக்கிப் பிடித்திருக்கும். காற்று தீர்ந்தால் வில் விரிந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்.

1974-இல் திருமலைக்கு இரண்டாவது பாதை அமைந்தது. அது ஏறுவதற்கு ஆயிற்று. பழைய பாதை இறங்குவதற்கு மட்டும் என்று வகுக்கப்பட்டது. எதிரும் புதிருமாக வண்டிகள் வளைவில் சந்திக்கும் இடர் அத்துடன் நீங்கிற்று. இறங்குவோர் ஏறத்தாழ 40 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதற்கு முன்னரே அடிவாரம் சேர்ந்தால் தண்டம் என்றும் முறை ஏற்பட்டது. விரைந்து வந்ததற்குத் தண்டம் விதிக்கும் சாலை உலகில் சிலவே இருக்கும். வெப்பம் ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்னும் இயற்கை விதியையே அவ்வாறு சட்டமாக எழுதினர் எனலாம்.

சென்னையில் பிறந்த உறுப்புகள்

மலைமேல் ஏறிய வண்டிகளின் உறுப்புகள் எங்கிருந்து வந்தன? தொடக்கத்தில் எல்லாம் கப்பலில் வந்தன. ஆயினும் தமிழகத்தில் முயற்சி முன்னரே முளைத்திருந்தது. கோச்சு வண்டி செய்து பெயர்பெற்ற சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பேருந்துகளை ஓட்டினார். கோவையில் ஜி. டி. நாயுடு 1920-இல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார், ஓட்டுநரும் அவரே. பின்னாளில் 1945-இல் கோவையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவரே முதல்வர் ஆனார். திருமலைப் பாதை திறந்தபோது கவர்னராயிருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரையே அக்கல்லூரி முதலில் தாங்கியிருந்தது. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய தொழில்நுட்ப நிலையம், மோட்டார்ப் பொறியியலைத் தனிப்பாடமாகவே கற்பித்தது.

விடுதலைக்குப் பின் இத்தொழில் வேகம் பெற்றது. வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்ய முன்வருவோருக்கே இடம் என்னும் கொள்கை, 1953-இல் வரிக் குழுவினர் அளித்த அறிக்கையை ஒட்டி உறுதிப்பட்டது. போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனங்கள் அக்காலத்தே இந்நாட்டை விட்டு நீங்கின. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆகிப் பேருந்துகளையும் லாரிகளையும் செய்தது. சிம்ப்சன் குழுவைச் சேர்ந்த அனந்தராமகிருஷ்ணன் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகை, பின்னர் டயர் தொழிற்சாலையாக வளர்ந்தது. டி. வி. எஸ். குழுவினர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடியில் சக்கரம், மின் உறுப்பு, பிரேக் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆலைகள் கண்டனர். சுந்தரம் கிளேட்டன் 1962-இல் காற்றுப் பிரேக்குக்கென்றே பிறந்தது.

இதனை நாம் பெருமைக்காக மட்டும் கூறவில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகி, ரேணிகுண்டாவும் அதனுள் அமைந்தது. எல்லைக் கோடுகள் மாறிய அவ்வளவு காலத்திலும் எண்ணூரில் செய்த வண்டி, பாடியில் செய்த பிரேக்கோடு, தமிழரையும் தெலுங்கரையும் ஒரே இருக்கையில் ஏற்றிக்கொண்டு இம்மலையை ஏறி இறங்கிற்று. தமிழகத்துத் தொழிலாளியின் கையை நம்பியே தெலுங்கு நாட்டு ஓட்டுநர் வளைவில் மிதியை அழுத்தினார்.

கரகம்பாடியில் பிறந்த பாட்டரி

கைம்மாறாக இந்த மண்ணும் மோட்டார் உலகுக்கு ஓர் உறுப்பைக் கொடுத்தது. தொடக்க நாளில் வண்டியைக் கிளப்பக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் பொருத்தப்பட்டபின், பாட்டரி இன்றியமையா உறுப்பாயிற்று. பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே 1859-இல் கண்டுபிடித்த ஈய பாட்டரியின் அமைப்பே இன்றளவும் அடிப்படை. நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் நிற்கும். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டு. ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட்டு. பெரிய எஞ்சினைக் கிளப்பும் முதல் உந்துதல் இச்சிறு பெட்டியிலிருந்து பிறக்கின்றது. அச்சாணி என்று வள்ளுவர் காட்டியதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு, 1985-இல் நிறுவிய அமரராஜா நிறுவனம், ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் பாட்டரி ஆலையை அமைத்தது. 2000-ஆம் ஆண்டில் அமரான் என்னும் பெயரோடு மோட்டார் வண்டிகளுக்கான பாட்டரி அங்கிருந்து வெளிவந்தது. ரேணிகுண்டா என்றால் ரயில் என்றிருந்தது மாறி, மோட்டார் கடைகளிலும் இவ்வட்டாரத்தின் பெயர் வழங்கலாயிற்று.

2022 செப்டம்பரில் திருமலைக்கு மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் பிஸ்டனும் இல்லை, புகையும் இல்லை. இறங்கும்போது அவற்றின் மோட்டாரே மின் ஆக்கியாக மாறும். சக்கரம் அதனைச் சுழற்ற, பிறக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி மீண்டும் பாட்டரிக்குச் செல்லும். பேருந்துகள் இத்தனை ஆண்டுகள் பிரேக்கில் வெப்பமாகச் சிந்திய ஆற்றல், அடுத்த ஏற்றத்துக்குச் சேமிப்பாகின்றது. இறக்கத்தையே ஏற்றத்துக்கு உதவியாக்கும் இவ்வித்தை, சேம அச்சைக் கட்டிச் சென்ற உமணருக்கு விளங்கியிருக்குமானால், அவர் தலையசைத்து மகிழ்ந்திருப்பார்.

நாம் கொள்ள வேண்டியது

அன்று மலைச்சுவரோரம் நின்ற ஒரு மணி நேரத்தில் நம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைக் கூறி முடிப்போம். வண்டி வாங்கும்போது அதன் வண்ணத்தையும் வேகத்தையும் விசாரிக்கின்றோம். லைனிங் எவ்வளவு தேய்ந்துள்ளது, பிரேக் திரவம் எப்போது மாற்றப்பட்டது, டயரின் வரி எஞ்சியுள்ளதா என்று கேட்பதில்லை. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே குறித்த காலத்தில் அதனை மாற்றுவது உயிர்க்காப்பு. வண்டியின் அடியில் படுத்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு இவற்றைப் பார்ப்பவரை 'மெக்கானிக் பையன்' என்று எளிதாக அழைத்துவிடுகின்றோம். நம் மனைவி மக்களின் உயிரை முப்பதுக்கும் மேற்பட்ட வளைவுகளில் காப்பது அந்தக் கையே.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மலைக்குப் புறப்படும் முன் ஓட்டுநரிடம் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள். இறங்கும்போது அவர் தாழ்ந்த கியரில் மெல்ல வந்தால் அவரை விரைவுபடுத்தாதீர்கள். நம் இளைஞருள் எவரேனும் மோட்டார்த் தொழிலைக் கற்க விரும்பினால், அதனைக் குறைவான படிப்பு என்று தடுக்காதீர்கள். பெருந்தேர் ஓடும் நாட்டில் அச்சாணிக்கும் முட்டுக்கட்டைக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நாமும் அதனைக் கொடுப்போமாக.